குசினிக் கூட்டணி

கதவைத் திறந்தது நீல் அல்ல, டிலக்சியின் அம்மா.

தான் மெல்பேர்ணை விட்டுக் கிளம்பவே இல்லையோ என்று டிலக்சிக்கு ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் இது சிட்னிதான். வெஸ்ட்மீட்டேதான். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உள்ள தெரு, மூன்றாம் மாடி ஃபிளாட், வாசலில் நீலின் சைக்கிள் ஹெல்மெட் தொங்குகிறது. விடிய எழும்பி, அம்மா முழித்துவிடக் கூடாதே என்று பூனைபோல வீட்டை விட்டு வெளியேறி, விமானம் பிடித்து வந்தவள் அவள். முழிப்பதற்கு அம்மா வீட்டிலேயே இருக்கவில்லை என்பது இப்போதுதான் விளங்கியது.

"அம்மா! நீங்க இஞ்ச என்ன செய்யிறியள்?"

"அதை நான் கேக்கோணும்," என்றாள் மாக்கிறேட். கையில் அகப்பை, இடுப்பில் நீலின் ஏப்ரன். "உனக்கு இண்டைக்கு ஒஃபிஸ் இல்லையோ? சரி சரி, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வா. கறி அடிப்பிடிக்கப் போகுது."

உள்ளே சோபாவில் பவளம் அன்ரி, அம்மாவின் இணைபிரியாத தோழி, காலை மடக்கி உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே கதிரையில், தன் ஆறடி உயரத்தையும் சுருட்டி வைத்துக்கொண்டு நீல். டிலக்சியைக் கண்டதும் அவர் விட்ட பெருமூச்சு வாசல்வரை கேட்டது.

டிலக்சியின் மனதுக்குள் ஒன்றுதான் ஓடியது. போச்சு. ரகசியம் போச்சு. சனிக்கிழமையும் போச்சு.

ரகசியம் என்றதும், மாநில எம்.பி. எமிலியோ சாந்தோஸ் ஓர் ஆணை மணந்த ஆண் என்பதுதான் ரகசியம் என்று நினைத்துவிட வேண்டாம். அது ஊரறிந்த விஷயம். அவரே அச்சடித்து வீடு வீடாகப் போட்ட விஷயம்.

எல் சல்வடோரில் சண்டை நடந்த காலத்தில், தாயின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்பேர்ண் வந்து இறங்கிய பொடியன் எமிலியோ. தாய் கோழி வெட்டும் தொழிற்சாலையில் நின்று அவரை வளர்த்தாள். மகன் படித்தார், கிடங்குத் தொழிலாளர் சங்கத்தில் வேலை பார்த்தார், நகரசபைக்குப் போனார், பிறகு மாநிலத் தேர்தலில் நின்றார். அப்போது எதிரணி ஒரு துண்டுப் பிரசுரம் போட்டது: 'இவர் யாரோடு வாழ்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.' இரண்டு நாளில் எமிலியோவின் பிரசுரம் வந்து விழுந்தது. அதில் அவரும் நீலும் ஒரு நாயும். கீழே ஒரே வார்த்தை: 'இவரோடு.'

அந்தத் தேர்தலில் தோற்றார். அடுத்ததில் வென்றார். அதற்கடுத்ததிலும்.

தமிழ்ச் சனத்துக்கு அவரைப் பிடித்துப் போனதற்குக் காரணம் வேறு. முதன்முதல் வாக்குக் கேட்டு மெல்பேர்ண் புறநகர் கேரம் டவுன்ஸில் மாக்கிறேட் வீட்டு வாசலுக்கு வந்தபோது, "ஆரோ சப்பாத்தோட வாறான்!" என்று அவள் உள்ளே திரும்பிக் கத்தினாள். எமிலியோ உடனே குனிந்து கழற்றிவிட்டார். ஸ்பானிய மொழியிலும் அது கிட்டத்தட்டச் சப்பாத்துத்தானாம். மேசை அங்கேயும் மேசை. சமையலறையைச் சொல்லும் குசினிக்கும் அதே சாடையில் ஒரு சொல். போர்த்துக்கேயன் அவளுடைய ஊர் மன்னாரில் விட்டுவிட்டுப் போன சொற்களை வைத்தே அரைமணி நேரம் கதைத்து, தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போனார். "ஆள் 'கே'யாம்," என்று பிறகு யாரோ காதைக் கடித்தார்கள். மாக்கிறேட் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "கத்தோலிக்கன்தானே?" என்று மட்டும் கேட்டாள்.

நீல் வேறு வழியாக உள்ளே வந்தவர். மெல்பேர்ண் தமிழ்க் கத்தோலிக்கர் எடுக்கும் மடு மாதா திருநாளில் பவளம் அன்ரியின் கையில் கொதியெண்ணெய் பட்டபோது, நேர்ஸ் வேலை பார்க்கும் நீல் ஓடிவந்து கட்டுப்போட்டார். போட்டதோடு நிற்காமல், அன்று முழுக்க அவளுடைய இடத்தில் நின்று றோல்ஸ் பலகாரம் சுற்றினார். பவளம் அன்ரி உண்மையில் சிவா விஷ்ணு கோயில் ஆள். ஆனாலும் மாதா திருநாள் குசினிக்கு அவள்தான் தளபதி. அவள் வாயால் "கை நல்லாய் ஓடுது" என்று பாராட்டு வாங்கிய ஒரே ஆண்பிள்ளை நீல்தான்.

கலியாணச் சமத்துவத்துக்குத் தபால் வாக்கெடுப்பு நடந்த வருடம், எமிலியோ ஏறாத படி இல்லை. சட்டம் வந்த கையோடு அவர்களுடைய கலியாணமும் நடந்தது. குசினி அன்ரிமார் காஞ்சிபுரம் உடுத்து ஒரு மேசை முழுக்க இருந்தார்கள். சட்டசபையில் எமிலியோ பேச, மேலே பார்வையாளர் வரிசையில் நீல் கண்ணைத் துடைத்த படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது.

ரகசியம் இதுதான்: அந்தக் கலியாணம் முறிந்துவிட்டது.

பெப்ரவரியில் நீல் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போய்விட்டார். அவர்கள் இருவரையும் விட்டால் இது தெரிந்த ஒரே ஆள், எமிலியோவின் தொகுதி அலுவலகத்தை நடத்தும் டிலக்சி.

"சனிக்கிழமை முடியட்டும், நானே எல்லாருக்கும் சொல்கிறேன்," என்றிருந்தார் எமிலியோ.

சனிக்கிழமைதான் கட்சிக் கிளையின் உறுப்பினர்கள் கூடி, அடுத்த தேர்தலுக்கு யார் வேட்பாளர் என்று வாக்களிக்கும் நாள். எமிலியோவை எதிர்த்து நிற்பவன் பிரஷாந்தன். வீட்டுக்கடன் எடுத்துக் கொடுக்கிறவன். சனம் சேர்ப்பதில் சூரன். தன் வாடிக்கையாளர்களில் பாதிப் பேரைக் கட்சியில் சேர்த்து வைத்திருந்தான். எமிலியோவுக்கு இருந்த ஒரே பலம் குசினி அன்ரிமார். ஒரு திருநாளில் மா பிசைந்த கைகளைத் துடைக்கச் சொல்லி, டிலக்சி ஒவ்வொருவராகக் கட்சியில் சேர்த்த கூட்டம் அது. அவர்கள் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் வெற்றி. அவர்கள் கைவிட்டால் எமிலியோவுக்குப் பதவி இல்லை. டிலக்சிக்கு வேலை இல்லை.

போன ஞாயிறு திருநாள். றோல்ஸ் சுற்ற நீல் இல்லை.

"எங்க நீல்?" என்றாள் மாக்கிறேட்.

"டியூட்டியாம், அம்மா," என்றாள் டிலக்சி. சரியாக அந்த நேரம் பார்த்து மாதாவின் சுரூபம் அவளைக் கடந்து போயிற்று.

டியூட்டி என்றது பொய்யுமல்ல. எங்கே டியூட்டி என்பதுதான் விஷயம். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் தமிழர் இல்லாத வார்ட் ஏது? அங்கே ஒருவர் தும்மினால் கேரம் டவுன்ஸில் கொத்தமல்லி அவிய ஆரம்பித்துவிடும். பவளம் அன்ரியின் மகள் நிஷானி அங்கேதான் நேர்ஸ். "நீல் இல்லாமல் றோல்ஸ் எல்லாம் வெடிச்சுப் போச்சு" என்று தாய் ஃபோனில் புலம்ப, "நீலோ? அவர் பெப்ரவரியில இருந்து எங்கட வார்டில எல்லோ. பக்கத்துத் தெருவில தனிய இருக்கிறார்," என்றாள் மகள்.

தமிழ்க் குடும்பத்தில் கலியாணம் ஒன்று முறிந்தால் சமாதானம் பேச ஆள் போகவேண்டும். போய்விட்டார்கள்.

டிலக்சி வந்த காரணமோ வேறு. பிரஷாந்தன் நீலைப் பற்றி அங்குமிங்கும் விசாரிக்கிறான் என்று கேள்விப்பட்ட எமிலியோ, "எப்படியாவது நீலை ஒரு நாளைக்குக் கூட்டி வா, டிலக்சி. கூட்டத்தில் என் பக்கத்தில் நின்றால் போதும்," என்று அனுப்பியிருந்தார்.

"ஃப்ரிஜ்ஜைத் திறந்து பார்த்தனியோ?" என்றாள் மாக்கிறேட் அடுப்படியிலிருந்து. "ஒரு சீஸ், ஒரு போத்தல் ஊறுகாய். மனுசன் எப்பிடி மெலிஞ்சு போச்சு!"

"நீங்க ஆரைக் கேட்டு வந்தனீங்கள், அம்மா?"

"நீ ஆரைக் கேட்டு வந்தனீ?"

"எமிலியோ அனுப்பினவர்."

பவளம் அன்ரி உள்ளிப் பல்லைக் கிண்ணத்தில் போட்டாள். "கேட்டீரோ மாக்கிறேட்? அவர் வரேல்லை. ஒஃபிஸ் பிள்ளையை அனுப்பியிருக்கிறார்."

டிலக்சிக்குச் சுருக்கென்றது. அன்ரி சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனாலும் வந்த காரியம் என்று ஒன்று இருக்கிறதே. நீலிடம் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னாள். சனிக்கிழமை. ஒரு மணித்தியாலம். ஒரு சிரிப்பு.

நீல் தலையாட்டினார். இல்லை என்று.

"எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, டிலக்சி. எமிலியோ நல்ல மனிதர். நல்ல எம்.பி.யும்கூட. ஆனால் நீயே யோசித்துப் பார். ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையில் ஒரு கோயில், மத்தியானம் ஒரு சங்கம், பின்னேரம் ஒரு அரங்கேற்றம். அலுமாரியைத் திறந்தால் பொன்னாடை தலையில் விழுகிறது. என் சட்டைக்கு இடமில்லை. போன வருடம் என் பிறந்தநாளுக்கு எமிலியோ வந்தார். என்னைப் பற்றி நன்றாகப் பேசினார். எல்லாரோடும் நின்று படம் எடுத்தார். பிறகு வெளிக்கிட்டுப் போய்விட்டார், அடுத்தவருடைய பிறந்தநாளுக்கு."

பவளம் அன்ரியின் வாயிலிருந்து "ஐயோ" என்று வந்தது.

"அவர் எம்.பி.யாக இல்லாதிருந்தால்," என்றார் நீல், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "ஞாயிறு காலையில் பைஜாமாவோடு இருந்து டோஸ்ட் சாப்பிட்டிருப்போம். இரண்டு பேரும். நான் கேட்டது அவ்வளவுதான்."

மாக்கிறேட் பவளத்தைப் பார்த்தாள். பவளம் மாக்கிறேட்டைப் பார்த்தாள். அந்தப் பார்வை டிலக்சிக்குத் தெரியும். திருநாள் குசினியில் யாரையாவது அடுப்பிலிருந்து விலக்கி வெங்காயம் வெட்ட அனுப்பும் முன் இருவரும் பார்த்துக்கொள்ளும் பார்வை.

"பக்கத்தில் நின்று சிரிக்கும் வேலையை நான் ராஜினாமா செய்துவிட்டேன், டிலக்சி," என்றார் நீல். "மன்னித்துக்கொள். சாப்பிட்டுவிட்டுப் போ. உன் அம்மா என்னை விடப்போவதில்லை."

திரும்பும் விமானத்தில் டிலக்சிக்கு நடு இருக்கை. ஒரு பக்கம் அம்மா. மறுபக்கம் பவளம் அன்ரி. பொலிஸ் காவலில் போவது போலத்தான் இருந்தது.

"அம்மா, சனிக்கிழமை..."

"போடமாட்டம்."

"என்ன போடமாட்டியள்?"

"எமிலியோவுக்கு வோட்டுப் போடமாட்டம். குசினியில ஒருத்தரும் போடாயினம். பவளம் குறூப்பில மெசேஜ் போட்டாச்சு."

"கலியாணம் முறிஞ்சது ஒரு குற்றமோ, அம்மா? ஊரில முறியாததோ?"

"சீ! ஆர் குற்றமெண்டது? முறிஞ்சதை ஒட்டத்தான் போடமாட்டமெண்டு சொல்லுறன். நீ படிச்ச பிள்ளைதானே, யோசி. தோத்தா வேலை இல்லை. வேலை இல்லாட்டி ஞாயிற்றுக்கிழமை வரும். ஞாயிற்றுக்கிழமை வந்தா நீல் வருவார்."

"நீலே சொன்னவர்தானே, எம்.பி.யா இல்லாட்டி எண்டு," என்றாள் பவளம் அன்ரி. "டோஸ்ட் எண்டார். எனக்கு நெஞ்சு கரைஞ்சு போச்சு."

"அன்ரி, அது ஒரு கவலையில சொன்ன கதை! அதுக்காக ஒரு எம்.பி.யைத் தோக்கடிக்கிறதோ? உப்பிடி எங்கயாவது நடக்குமோ?"

இப்போது மாக்கிறேட் சிரித்தாள். டிலக்சி பிறந்து வளர்ந்த இத்தனை வருடத்தில் அம்மாவின் முகத்தில் கண்டிராத சிரிப்பு அது.

"உங்கட அப்பா பழைய மாணவர் சங்கத்துக்குத் தலைவரா இருந்தவரெல்லோ. நீ குழந்தையா இருக்கேக்க தொடங்கினது. கூட்டம், கூட்டம் முடியக் கூட்டம். ஒரு வருசம் தேர்தலில தோத்துப்போனார், நினைவிருக்கோ?"

"ஓம். அப்பா ஒரு மாதம் சாப்பிடேல்லை."

"சாப்பிட்டவர். வீட்டில இருந்து சாப்பிட்டவர். அதுதான் உனக்கு வித்தியாசமாத் தெரிஞ்சது," என்றாள் மாக்கிறேட். "அந்தத் தேர்தலில உங்கட அப்பாவைத் தோக்கடிச்சது ஆரெண்டு நினைக்கிறாய்?"

டிலக்சி அம்மாவைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி பவளம் அன்ரியைப் பார்த்தாள். அன்ரி மிக அக்கறையோடு இருக்கைப் பட்டியைச் சரிசெய்து கொண்டிருந்தாள்.

"அடுத்த கிழமையே எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தவர்," என்றாள் மாக்கிறேட். "சீனி எத்தினை எண்டு கேட்டவர். கட்டின பெஞ்சாதியிட்ட! எமிலியோவிட்ட இதைப் பற்றி மூச்சும் விடக்கூடாது. ஊசி போடப்போறமெண்டு பிள்ளையிட்ட முன்னமே சொல்லுறதில்லை."

வெள்ளிக்கிழமை காலை டிலக்சி மூச்சு விட்டாள். சம்பளம் வாங்கும் இடமாயிற்றே.

எமிலியோ முழுவதையும் கேட்டார். வாய்விட்டுச் சிரித்தார். டிலக்சியின் அப்பா வின்சன்டின் கதையில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கடைசியில், "டோஸ்ட் என்றா சொன்னார்?" என்று கேட்டார்.

"ஓம். பைஜாமாவோடு."

அவர் கதிரையைத் திருப்பினார். அலுவலகச் சுவர் முழுக்கப் படங்கள். கோயில், பள்ளிவாசல், பாடசாலை, விளையாட்டுப் போட்டி. ஒவ்வொன்றிலும் கழுத்தில் மாலையோ தோளில் பொன்னாடையோ போட்டுக்கொண்டு அவர். வெகுநேரம் பார்த்தார்.

"அன்ரிமார் சொல்வது சரியாக இருக்கலாம்," என்றார்.

"அப்படியென்றால் நான் வேறு வேலை தேட வேண்டும்."

"பிரஷாந்தன் கூப்பிட்டிருப்பானே?"

"நேற்றே கூப்பிட்டுவிட்டார். 'தங்கச்சி, திங்கட்கிழமையிலிருந்து என்னோட வாங்கோ' என்றார்."

"சம்பளம்?"

"இங்கே உள்ளதைவிடக் கூட."

"சே!" என்றார் எமிலியோ.

டிலக்சி கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டாள். "தோற்றால் சிட்னிக்குப் போவீர்களா?"

எமிலியோ ஃபோனை எடுத்துக்கொண்டு கார் நிறுத்தும் இடத்துக்குப் போனார். ஜன்னலால் பார்த்தபோது அவர் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். வழக்கமாக ஃபோனில் அவர்தான் பேசுவார். இன்றைக்கு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை. பாடசாலை மண்டபம் நிரம்பி வழிந்தது. பின்வரிசை முழுவதும் குசினி அன்ரிமார். அவர்களுக்குப் பக்கத்தில் டிலக்சியின் அப்பா வின்சன்ட், கூட்டம் என்று ஒன்று நடந்தால் போதும் என்ற முகக்களையோடு.

பிரஷாந்தன் முதலில் பேசினான். நன்றாகவே பேசினான், ரயில், வீதி, வீட்டு விலை எல்லாம் வந்தன. எமிலியோவும் பேசினார். பிறகு கேள்வி நேரம். பிரஷாந்தன் எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தான்: "மிஸ்டர் சாந்தோஸ், குடும்பம் குடும்பம் என்று சொல்லித்தான் இத்தனை வருடம் வாக்குக் கேட்டீர்கள். உங்கள் குடும்பம் இன்றைக்கு எங்கே என்று..."

"தம்பி பிரஷாந்தன், இரும்!" பின்வரிசையிலிருந்து ஒரு குரல். பவளம் அன்ரி எழுந்து நின்றாள். "அது எங்கட கேள்வி. உமக்கு அந்த வீட்டில என்ன வேலை?"

பிரஷாந்தன் இருந்துவிட்டான். அவனுடைய கலியாணத்துக்குப் பலகாரம் சுட்ட கை அது.

"பிள்ளை, டிலக்சி," என்றாள் பவளம் அன்ரி. "நான் தமிழிலதான் கேப்பன். இவை எல்லாருக்கும் விளங்க நீ இங்கிலீசில சொல்லு. ஒண்டையும் குறைக்காமச் சொல்லு."

டிலக்சி மைக்கை வாங்கினாள்.

"எமிலியோ தம்பி, உமக்கு வோட்டுப் போடாம விட்டா, நீர் எம்.பி. வேலையை விட்டிட்டு நீலோட போய் இருப்பீரோ?"

தமிழ் தெரிந்த பாதி மண்டபம் மூச்சை இழுத்துப் பிடித்தது. தெரியாத மற்றப் பாதி டிலக்சியைப் பார்த்தது. மாற்றிச் சொல்லிவிட முடியும். 'நீல் சுகமா என்று அன்ரி கேட்கிறார்' என்றால் முடிந்தது. எமிலியோ சிரிப்பார், கூட்டம் நகரும். திருநாளில் சொன்ன ஒரு பொய்யோடு சேர்த்து இரண்டாவது. அவள் எமிலியோவைப் பார்த்தாள். அவர் மெல்லத் தலையசைத்தார்.

டிலக்சி ஒரு சொல் குறைக்காமல் சொன்னாள்.

சலசலப்பு எழுந்தது. எமிலியோ மேசையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

"நீல் பெப்ரவரியிலேயே போய்விட்டார்," என்றார். "பிழை என்னுடையது. அதை மறைத்ததும் நான்தான். டிலக்சி எனக்காகப் பொய் சொன்னாள். அது இன்னொரு பிழை. அதுவும் என் கணக்கில். ஏன் மறைத்தேன்? தபால் வாக்கெடுப்பு நேரம் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, எங்கள் கலியாணமும் உங்கள் கலியாணம் மாதிரித்தான் என்று சொன்னேன். நினைவிருக்கிறதா? அது உண்மைதான் என்று இப்போது தெரிகிறது. உங்கள் கலியாணங்கள் மாதிரியே என்னுடையதும் முறிந்துபோனது."

எங்கோ ஒருவர் சிரித்தார். பிறகு பலர் சிரித்தார்கள். சிரிப்பு தானாகவே அடங்கிப் போயிற்று.

"எனக்குப் பயமாக இருந்தது. 'பார்த்தீர்களா, நாங்கள் அப்போதே சொன்னோம்' என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று. எங்கள் ஆட்கள் எல்லாருக்காகவும் நான் ஒருவனே ஒழுங்காகக் குடும்பம் நடத்திக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீலுக்கு அது பெரிய பாரம். அவருக்கு வேண்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை."

அவர் பவளம் அன்ரியின் பக்கம் திரும்பினார்.

"நேற்று அவரிடம் நானே கேட்டேன், அன்ரி. தோற்றுவிட்டு வந்தால் ஏற்றுக்கொள்வாயா என்று. நீல் என்ன சொன்னார் தெரியுமா? 'நீ இங்கே வந்தால், ஒரு கிழமையில் இந்த ஃபிளாட் கட்டடத்துச் சங்கத்துக்குத் தலைவராக நிற்பாய். வேலையில் பிழை இல்லை, எமிலியோ. ஆள் அப்படி.'"

டிலக்சி அதைத் தமிழில் சொன்னாள்.

பின்வரிசையில் ஆலோசனை தொடங்கியது. ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கப் பேசினார்கள்.

"அது உண்மைதான் பவளம்," என்றாள் மாக்கிறேட். "இவரும் அப்பிடித்தானே? தோத்து ஆறு மாதம் ஆகேல்லை, முதியோர் சங்கம் தொடங்கிட்டார். அப்ப இவருக்கு முதியோர் வயசுகூட இல்லை."

"அப்ப தோக்கடிச்சு என்ன பிரயோசனம்?"

"ஒரு பிரயோசனமும் இல்லை. வீடும் இல்லை, வேலையும் இல்லையெண்டா மனுசன் என்ன செய்யும்?"

"வேலையாவது இருக்கட்டும். செய்யிற வேலையை ஒழுங்காத்தானே செய்யுது."

"கொஞ்சம் பொறுங்கோ," என்றார் வின்சன்ட் நிமிர்ந்து உட்கார்ந்து. "தோக்கடிச்சதோ? என்னை ஆர் தோக்கடிச்சது?"

பின்வரிசையில் ஒருவர்கூட அவர் பக்கம் திரும்பவில்லை.

பவளம் அன்ரி ஃபோனை எடுத்து விரலால் எதையோ தட்டினாள். வரிசை நெடுகப் பத்துப் பன்னிரண்டு கைப்பைகளுக்குள் ஃபோன்கள் கிணுகிணுத்தன. வாசித்தார்கள். தலையாட்டினார்கள். எழுந்து வாக்குப்பெட்டியை நோக்கி நடந்தார்கள்.

எமிலியோ வென்றார். பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. ஒரு றோல்ஸ் தட்டைச் சுற்றி உட்காரக்கூடிய அளவு ஆட்கள்தான் வித்தியாசம். பிரஷாந்தன் வந்து கைகொடுத்தான். "இண்டைக்குக் காலை வரைக்கும் எனக்குத்தான் வெற்றி," என்றான் டிலக்சியிடம், ஆறாமல். "அன்ரிமாரே ஃபோன் பண்ணிச் சொன்னவை."

மண்டபம் மெல்லக் காலியாகியது. கார் நிறுத்தும் இடத்தில் வெயில் இருந்தது. ஓகஸ்ட் மாதத்து மெல்பேர்ணில் அதிசயம்தான். எமிலியோ காரில் சாய்ந்து நின்று நீலுக்கு ஒரு செய்தி அனுப்பினார். உடனேயே பதில் வந்தது. வாசித்துவிட்டு ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டாள் டிலக்சி.

"வாழ்த்து. பிறகு, நாயை எப்போது சிட்னிக்கு அனுப்புகிறாய் என்று." சிரிக்கப் பார்த்தார், பாதியில் நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி," என்றார். "நாளைக்கு எங்கே போக வேண்டும்?"

"மூன்று இடம் கூப்பிட்டிருந்தார்கள். மூன்றுக்கும் வரமாட்டீர்கள் என்று சொல்லிவிட்டேன். நானும் வேலை செய்யமாட்டேன். இனி எந்த ஞாயிறும்."

எமிலியோ அவளை நிமிர்ந்து பார்த்தார். வாதாட வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார்.

"அம்மா உங்களை மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னவ," என்றாள் டிலக்சி. "வெறும் சாப்பாடு."

"எத்தனை பேர்?"

"நாங்கள் மூன்று பேர். நீங்கள்."

"பேச வேண்டுமா?"

"இல்லை."

"பொன்னாடை?"

"இல்லை."

"படம்?"

"ஃபோன் உள்ளே கொண்டுவரக் கூடாதாம்."

எமிலியோ யோசித்தார். நாற்பத்தாறு வயது மனிதரின் முகத்தில் லேசான கலவரம் தெரிந்தது.

"அப்படியானால் அங்கே வந்து நான் என்ன செய்வது?"

"பழகுங்கோ," என்றாள் டிலக்சி, காரில் ஏறிக்கொண்டே.